தரையில் நின்று எண்ணிய சார்ட்டிகள்

தாம்பரத்தில் கிரண் விமானங்கள் உறுமித்தான் ஊரே விழிக்கிறது என்று எண்பதுகளில் நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். ஊர் எங்களைத் திட்டிக்கொண்டே விழித்தது என்பது, ஓய்வுபெற்று அதே ஊரில் குடியேறிய பிறகுதான் விளங்கியது. அங்கே 1954 முதல் இருப்பது விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி. நன்றாக ஓட்டத் தெரிந்த விமானிகள், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழகுமிடம். பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றுமறியாத பிள்ளையாக நடிக்க, இவர் வாய் ஓயாமல் விளக்கிக்கொண்டே பறப்பார்.

கரும்பலகையில் சாக்கட்டியால் சார்ட்டிக் கணக்கு ஏறிக்கொண்டேயிருக்கும். ஒரு விமானம் கிளம்பிப் போய்த் திரும்பினால் ஒரு சார்ட்டி. நான்கு சேர்ந்து போனால் நான்கு. நடுவில் ஓடுபாதையை எத்தனை முறை தொட்டுத் தொட்டு எழும்பினாலும் சரி, வந்து நின்றால்தான் கணக்கு முடியும். முற்றுகையிடப்பட்ட கோட்டையிலிருந்து வீரர்கள் வெளியே பாய்ந்து, அடித்துவிட்டு உள்ளே ஓடிவந்த காலத்துப் பிரெஞ்சுச் சொல் அது. 1944 ஜூன் 6 அன்று, நார்மண்டிக் கரையிறக்கத்துக்காக நேச நாடுகள் ஒரே நாளில் 14,000-க்கும் மேற்பட்ட சார்ட்டிகள் பறந்தன.

நானோ எரிபொருள் நிரப்பி, டயர் பார்த்து, விமானப் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-இல் கையெழுத்துப் போடும் தரைக்காரன். ஆனாலும் விடுமுறையில் ஊருக்குப் போனால், "இந்த வாரம் சார்ட்டி ஜாஸ்தி, பெரியப்பா, உடம்பெல்லாம் வலி" என்பேன். நான்தான் மேகத்துக்குள் புகுந்து வந்ததாக எண்ணி அவர் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்வார். அவர் நிமிர்ந்திருப்பதைக் கெடுக்க எனக்கு மனம் வராது.

இறங்கிவந்த விமானிகள் டீக்குவளையை வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விமானமாக்கி, ஒன்றை மற்றொன்று துரத்துவதாகக் காட்டும் அழகு இருக்கிறதே, அதில் சொல்பவரின் கைதான் எப்போதும் ஜெயிக்கும்! இப்போது பறந்ததையெல்லாம் கணினி பதிந்து திரையில் அப்படியே காட்டிவிடுகிறது. துல்லியம்தான், ஆனால் கொஞ்சம் அளப்பதற்குக்கூட இடமில்லை.

பிறகு ஆளில்லா விமானம் வந்தது. ஆப்கானிஸ்தான் வானத்துப் பிரிடேட்டரை அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நாற்காலியில் அமர்ந்து ஓட்டினார்கள். ஷிப்டு முடிந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காரெடுத்து வீட்டுக்குப் போனார்கள். போரும் ஆபீஸ் வேலையாகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான். ஆனால் தரையைவிட்டு எழும்பாமலே சார்ட்டி பேசுவதில் நான் அவர்களுக்கு மூத்தவன். உடம்பு வலியும் அவர்களுக்கு நிஜமாகவே வந்திருக்கும், அத்தனை மணி நேரம் நாற்காலியில் இருந்தால் முதுகு சும்மா விடுமா?