தேடாதே, ஒழிந்துவிடும்

தொழுநோயை ஒழிக்க மருந்து வேண்டும் என்று நம்பும் அப்பாவியா நீங்கள்? வகுத்தல் தெரிந்தால் போதும். சிகிச்சைப் பதிவேட்டில் உள்ளவர்களை மேலே எழுதுங்கள், மக்கள்தொகையைக் கீழே எழுதுங்கள். பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவா? ஒழிந்தது! 20 லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் 199 பேர் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாலும் அங்கே தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை. 2005 டிசம்பரில் இந்தியா இப்படித்தான் வாகை சூடியது.

தீவிர வகைக்கு 24 மாதம் கொடுத்துவந்த கூட்டுமருந்து அதற்கு முன்பே 12 மாதமாகச் சுருங்கியிருந்தது. மருத்துவ நியாயம் உண்டு, மறுக்கவில்லை. நோயாளி பதிவேட்டில் இருக்கும் காலமும் பாதியானதே, அதுதான் கூடுதல் லாபம். மருந்து முடிந்தால் பெயரை அடித்துவிடலாம். விரல் மடங்கிப்போனதும் பாதத்துப் புண் ஆறாததும் அவரவர் சொந்த விஷயம். வீடுவீடாகப் போய் உணர்ச்சியற்ற தேமலைத் தேடிய தனிப்படையையும் பொதுச் சுகாதாரத்தில் கரைத்தாயிற்று. கிருமியோ உடம்புக்குள் சராசரி ஐந்தாண்டு, சிலரிடம் இருபதாண்டு பதுங்கியிருக்கும். அதற்கு நம் நிதியாண்டு தெரியாது.

இந்தப் பதிவேட்டை வைத்துத்தான் வரைபடம் போடுகிறார்கள். வட்டத்தைச் சிறிதும் பெரிதுமாக ஊர் ஊராக நகர்த்தி, எங்கே தற்செயலை மீறி நோயாளிகள் குவிகிறார்கள் என்று சோதிக்கும், புள்ளியியலாளர் குல்டார்ஃபின் முறை அருமையானது. 500 பேர் கிராமத்தில் ஒரே நோயாளி இருந்தால் விகிதம் பத்தாயிரத்துக்கு 20 என்று எகிறும். அதை அக்கம்பக்கத்து எண்களைக் கொண்டு அடக்கிவைக்கும் பேய்ஸியக் கணக்கும் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் தேடாத ஊரின் நோயாளியை எந்தக் கணக்கும் தானாகக் கண்டுபிடிக்காது. ஒழுங்காகத் தேடிய மருத்துவரின் வட்டாரம் சிவக்கும். அவரிடம் விளக்கம் கேட்கலாம். பணியிடம் காலியாகக் கிடக்கும் வட்டாரம் வெள்ளை வெளேரென்று மின்னும். அதற்குக் கேடயம் கொடுக்கலாம்!

2016இல் வாசல்வாசலாகத் தேடினார்கள். 30,000க்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் அகப்பட்டார்கள். ‘ஒழிந்து’ பதினெட்டு ஆண்டான பிறகு, 2023இல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களிடம் தொழுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. உலகக் கணக்கில் பாதிக்கும் மேல் அது. அவர்களில் குழந்தைகளும் உண்டு. அதாவது நோய் இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வரைபடம் அச்சிடப்போகும் அதிகாரிகளே, இன்னும் இரண்டு வண்ணங்களுக்கும் டெண்டர் விடுங்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் வீடுவீடாகக் கடைசியாக எப்போது தேடினீர்கள் என்பதற்கு ஒன்று. முதன்முதலாகக் கண்டறியப்படும்போதே கை, கால், கண் ஊனமாகியிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்னொன்று.