நெய்தல் திணையில் ஒரு நியூ டவுன் குடும்பம்: முதல், கரு, உரி நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கொல்கத்தா நியூ டவுனில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று விடுமுறைக்குச் சுந்தரவனம் சென்றது. அப்பயணத்தைத் தொல்காப்பிய நெறிப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். புலியைக் காணப் போன குடும்பம் புலியைக் காணாமல் திரும்புவது சுற்றுலாவின் தோல்வி அன்று, இலக்கண நிறைவே என்று இது நிறுவும். நிறுவத் தவறினால் பழி ஓதத்தைச் சாரும்.

ஆய்வு மாந்தர்

அகத்திணை மாந்தரைப் பெயர் சொல்லிச் சுட்டுவது மரபன்று. எனவே, தலைவன்: மென்பொருள்காரர், முட்டம் பக்கத்துக்காரர். தலைவி: பயணத்தைத் திட்டமிட்டவர், ஆகவே எல்லாக் குறைகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். செவிலி: தலைவனின் தாயார். பாங்கன்: வனத்துறை உரிமம் பெற்ற வழிகாட்டி, படகில் அனைவருக்கும் ‘தாதா’ (வங்காளத்தில் அண்ணன்). மகனுக்கும் மகளுக்கும் அகப்பாடலில் தனி இடம் கிடையாது. படகில் எல்லா இடமும் அவர்களுடையதாகவே இருந்தது.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள்; நெய்தலுக்கு நிலம் கடற்கரை. முட்டத்துப் பாறைகளில் வளர்ந்த தலைவன், கரடுமுரடான கடற்கரை என்றால் பாறை இருக்க வேண்டும் என்ற கொள்கையினர். சுந்தரவனத்திலோ கூழாங்கல்லுக்கும் பஞ்சம். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தை அரைத்து மாவாக்கிக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம் அது. ஆனாலும் அங்கே கரடுமுரடுக்குக் குறைவில்லை. உப்புச் சேற்றில் மூச்சுவிட முடியாத மரங்கள் தம் வேர்களை ஈட்டிமுனைகளாக மேலே நீட்டி வைத்திருக்கின்றன. செருப்போடு நடந்தாலும் செருப்பில்லாமல் நடந்தாலும் துன்பம் ஒன்றே. சேற்றில் இறங்கி நடக்க அனுமதியில்லை என்பதால் இக்கூற்று பரிசோதிக்கப்படவில்லை.

பொழுதைப் பொறுத்தவரை, நியூ டவுனில் அது கைக்கடிகாரத்தில் இருக்கிறது; இங்கே தண்ணீரில் இருக்கிறது. நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி வற்றுகிறது. சேற்றுக்கரை வெளிப்பட்டால்தான் நண்டும் முதலையும் தென்படும். இதைப் பாங்கன் விளக்கியபோது, “அப்போ பதினோரு மணிக்குப் புலி வருமா?” என்று தலைவன் கேட்டது, அலுவலகக் கூட்டங்களின் தாக்கம் எனக் கொள்ளப்படும்.

கருப்பொருள்

தெய்வம்: நெய்தலுக்கு வருணன் என்பது நூல். இங்கே போன்பீபி. காட்டுக்குள் போகுமுன் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வேண்டிக்கொள்ளும் வனதேவதை. சஜ்னேகாளி சன்னதியில் செவிலி இரண்டு வேண்டுதல்கள் வைத்தார்: புலி தெரிய வேண்டும், கிட்டே வரக் கூடாது. இரண்டாவது முழுமையாக நிறைவேறியது.

மரம்: சுந்தரி மரம் பெயர் பெற்றது. ஆனால் செவிலியை நிமிர வைத்தது, வங்காளிகள் கெவா என்றழைக்கும் மரம். அது நம் தில்லை. சிதம்பரத்தின் தலமரம், பிச்சாவரத்தில் நிற்பது. அதன் பால் கண்ணில் பட்டால் கண் கெடும். மரத்தின் திசை நோக்கிச் செவிலி கும்பிட்டார், கண்ணை மூடிக்கொண்டு. பக்தியும் பாதுகாப்பும் ஒரே செயலில் அமைந்ததற்கு இது சான்று.

மா: முதலில் நண்டு. பிடில் நண்டின் ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பெரியது. அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைக்கும். சங்கப் பாடல்களில் நண்டை விரட்டி விளையாடும் அலவன் ஆட்டல் உண்டு. இங்கே நண்டுதான் கொடுக்கை ஆட்டிக் குடும்பத்துக்கு விளையாட்டுக் காட்டியது. மகள் பதிலுக்குக் கையசைத்தாள். உயிரினங்களிடையே நிகழ்ந்த ஒரே உரையாடல் இதுவே. அடுத்தது, தண்ணீரை விட்டுச் சேற்றில் துள்ளித் திரியும் மட்ஸ்கிப்பர் மீன். “மீன்னா தண்ணியில இருக்கணும்” என்று செவிலி அதை ஏற்க மறுத்தார். மூன்றாவது முதலை. இவ்வகையில் ஒரு விதி கண்டறியப்பட்டது: முதல் முதலையைக் காணும்வரை எல்லா முதலையும் மரக்கட்டை, கண்டபின் எல்லா மரக்கட்டையும் முதலை.

புள்ளிமான்கள் காவற்கோபுரத்து நன்னீர்க் குளத்தில் கூட்டமாகத் தண்ணீர் குடித்தன. “மான்தானே” என்றார் தலைவன். இதிலிருந்து இரண்டாம் விதி: கண்ணுக்கு எட்டும் விலங்கின் மதிப்பு, எட்டும் தடவைகளுக்கு ஏற்பக் குறையும்.

இனிப் புலி. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியச் சுந்தரவனத்தில் ஏறத்தாழ 100 புலிகள். காடு 4,200 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகப் புலி ஒன்றுக்கு 42 சதுர கிலோமீட்டர். குடும்பத்துக்கு ஒரு படகு. அப்புலி நீந்தும், மறையும், ஓசையின்றி நடக்கும். படகில் இருந்தோர் இம்மூன்றில் ஒன்றும் செய்யவில்லை. யார் யாரைப் பார்த்திருப்பார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

புலி பின்னாலிருந்து தாக்கும் என்பதால், 1980-களில் காட்டுக்குள் போவோர் பிடரியில் மனித முகமூடி அணிந்து பார்த்தார்கள். செல்ஃபி எடுப்போர் எப்போதும் காட்டுக்கு முதுகு காட்டியே நிற்பதால், அம்முகமூடியைச் சுற்றுலாக் கட்டணத்தில் சேர்க்கலாம் என்பது எம் துணைக் கருத்து.

உரிப்பொருள்

ஐந்திணை ஒழுக்கமும் ஒரே படகில் அமைந்தமை இவ்வாய்வின் பெருங்கண்டுபிடிப்பு. விடியலில் பைகளோடு ஒன்றுகூடியது புணர்தல். ஆற்றின் நடுவே செல்பேசி சிக்னல் போனது பிரிதல். மகன் இதில் மிகவும் வாடினான். காவற்கோபுரத்தில் அசையாமல் நின்றது இருத்தல். “திகா கடற்கரைக்கே போயிருக்கலாம்” என்று தலைவன் சொன்னபின் தலைவி பேசாதிருந்தது ஊடல். புளியோதரைப் பொட்டலம் பிரிந்தபோது தணிந்தது. எஞ்சியது நெய்தலுக்கே உரிய இரங்கல். கோட்காளி படகுத்துறையில் இறங்கும்போது செவிலி மொழிந்தார்: “இதுக்கு வண்டலூரே போயிருக்கலாம். கம்பிக்குப் பின்னால நல்லா தெரியும்.” உரிப்பொருள் நிறைவெய்திய இடம் அது.

ஒப்பீட்டு ஆய்வு

அதே குடும்பம் நியூ டவுன் ஈகோ பார்க்கிலும் நோக்கப்பட்டது. 2012-இல் திறக்கப்பட்ட இப்பூங்கா 480 ஏக்கர். நடுவே 104 ஏக்கர் நீர்ப்பரப்பு, அதில் தீவு, படகு. ஓதம் மட்டும் இல்லை. மாதிரித் தாஜ்மஹாலும் கொலோசியமும் எகிப்தியப் பிரமிடும் அறிவித்த இடத்தில் அறிவித்தபடி நிற்கின்றன. காணாமல் போனது எதுவும் இல்லாததால் யாரும் இரங்கவில்லை. நீர் இருந்தும் அது நெய்தல் ஆகாதது இதனால்தான். வீடு திரும்பியபின் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. காணாத புலியைப் பற்றியோ அடுக்ககத்து லிஃப்டிலும் பேச்சு.

மறுப்பும் விடையும்

குடும்பத்தார் பட்டது உண்மையான இரங்கலா என்று கேட்கலாம். அன்று. 2009-இல் அய்லா புயலும் 2020-இல் அம்பன் புயலும் கரைகளை உடைத்து வயலுக்குள் உப்புநீரை விட்டதைக் கண்ட மக்கள் அங்கே வாழ்கிறார்கள். தேனெடுக்கவும் நண்டு பிடிக்கவும் போனவர்களைப் புலியிடம் இழந்த பெண்களை ஊரார் ‘புலி விதவைகள்’ என்றே குறிக்கிறார்கள். அவர்கள் புலியைப் பார்க்க ஆசைப்பட்டதில்லை. நெய்தலின் இரங்கல் அவர்களுக்கு உரியது; சுற்றுலாக்காரருக்கு அது சிறிது நேர இரவல்.

முடிவும் பரிந்துரையும்

புலி தெரியாத பயணமே முறையான பயணம் என நிறுவப்பட்டது. போவோர் குளிர்காலத்தில் போகலாம். பாங்கனிடம் மணி கேட்காமல் ஓதம் கேட்கலாம். நீர் வற்றும்போது சத்தமில்லாமல் நண்டைப் பார்க்கலாம். அது நிச்சயம் தெரியும். திரும்பும்போது, 2024-இல் புவிசார் குறியீடு பெற்ற சுந்தரவனத் தேன் ஒரு பாட்டில் வாங்கலாம். விலையில் பேரம் வேண்டாம்: அதை எடுக்கப் போனவர் புலியின் வீட்டுக்குள் இறங்கி நடந்தவர், நாம் காட்டுக்குள் இறங்கவில்லை.