லவ் பேர்ட்ஸ்காரர்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துத் தெருக்களில் பரவலாகக் காணப்படும் மனித வகைகளுள் ஒன்று லவ் பேர்ட்ஸ்காரர். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். மின்வாரியம், கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம் இவற்றில் ஏதோ ஒன்றில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். தாழ்வாரத்தில் தொங்கும் கம்பிக் கூண்டு, தோளில் துண்டு, துண்டெல்லாம் உமி என்ற மூன்று அடையாளங்களைக் கொண்டு தெருமுனையிலிருந்தே இவரைக் கண்டுகொள்ளலாம். ஒரு வேலி நஞ்சை இருந்தாலும் அந்த உமி நெல்லுடையது அல்ல, தினையுடையது.

இந்த வகை தானாகத் தோன்றுவதில்லை. மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வரும் பேரன் ஒருவன் காரணமாகிறான். வந்த மூன்றாம் நாள் "தாத்தா, லவ் பேர்ட்ஸ் வேணும்" என்கிறான். ஐந்தாம் நாள் கூண்டு வருகிறது. ஜூன் பிறந்ததும் பள்ளி திறந்து பேரன் போய்விடுகிறான். 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்து, அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் கூண்டு முழுக்கத் தாத்தாவின் பொறுப்பாகிவிடும்.

இவர் வளர்க்கும் பறவை உண்மையில் லவ் பேர்ட் அல்ல. அந்தப் பெயருக்கு உரியது ஆப்பிரிக்காவின் குட்டை வால் கிளி. தமிழ்நாட்டுக் கடைகள் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பட்ஜரிகர் என்ற ஆஸ்திரேலியச் சிறுகிளியை. 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். வாலோடு சேர்த்து 18 சென்டிமீட்டர் நீளம், 30 முதல் 40 கிராம் எடை. காட்டில் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். நீலமும் வெள்ளையும் மனிதர் இனம் சேர்த்து உண்டாக்கியவை. ஒன்றே ஒன்று இருந்தாலும் அது "ஒரு லவ் பேர்ட்ஸ்"தான். இந்த இலக்கணத்தில் தமிழாசிரியராக ஓய்வு பெற்றவருக்கும் மறுப்பு இல்லை. நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜரிகரை வைக்கலாம். யாரும் கேட்காமலேயே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இவர் சொல்லும் முதல் தகவல் இது.

வாங்கும்போதே முதல் சறுக்கல் நேர்கிறது. கடைக்காரர் ஒரு நீலத்தையும் ஒரு பச்சையையும் அட்டைப் பெட்டிக்குள் விட்டு "நல்ல ஜோடி சார்" என்கிறார். நீலம் ஆண், பச்சை பெண் என்று இவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. இறகின் நிறத்துக்கும் பாலுக்கும் தொடர்பே இல்லை. பார்க்க வேண்டிய இடம் அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் மெழுகு போன்ற சதை. வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலான நிறங்களில் அது நீலமாக இருக்கும். பெண்ணுக்கு வெளிறியோ பழுப்பாகவோ இருக்கும், முட்டையிடும் காலத்தில் தடித்துச் சொரசொரக்கும். இதை அறியாத இவர் கூண்டில் மண்கலயம் கட்டி முட்டைக்குக் காத்திருக்கிறார். இரண்டு பறவைகளும் ஒன்றின் வாயில் ஒன்று இரை ஊட்டி, தலை கோதி, தோள் உரசி உட்கார்ந்திருக்கின்றன. "இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பதியை எங்கே பார்க்கறது?" என்று மருமகள் காதில் விழும்படி இவர் வியக்கிறார். ஆறு மாதம் ஆகியும் முட்டை இல்லை. கலயம் கிழக்கிலிருந்து வடக்குக்கு மாறுகிறது. எதிர் வீட்டுக்காரரின் பார்வை மேல் சந்தேகம் விழுகிறது. கடைசியில் பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, ரெண்டுமே ஆம்பளை" என்கிறான். ஆண் பட்ஜரிகர்கள் இரண்டு ஒரு கூண்டில் இப்படிச் சகோதரர்கள்போல் வாழ்வது வழக்கம். பெண்கள் இரண்டைப் போட்டால்தான் கலயத்துக்கு உரிமை கேட்டுச் சண்டை மூளும்.

உணவில் இவர் ஒரு முரண்பாட்டின் உருவம். தினை குறிஞ்சி நிலத்துப் பயிர். வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டியது தினைப்புனத்தில். காவிரிப் பாசனத்தில் பிறந்து, பால் பிடிக்கும் கதிரில் இறங்கும் கிளியையும் சில்லையையும் தகரம் தட்டி விரட்டியே வளர்ந்த இவர், கீழவாசல் கடையில் கிலோக் கணக்கில் தினை வாங்கிவந்து கிளிக்கு முன்னால் கொட்டி "சாப்பிடு, சாப்பிடு" என்று கெஞ்சுகிறார். அடுத்த சறுக்கல் கிண்ணத்தில். பட்ஜரிகர் தினையை அலகால் உரித்துப் பருப்பை விழுங்கிவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே உதிர்க்கும். மேலே உமி மூடியிருப்பதால் கிண்ணம் நிறைந்தே தெரியும். களத்தில் பதரையும் நெல்லையும் பத்தடி தள்ளி நின்றே பிரித்துச் சொல்லும் மனிதர், இந்தக் கிண்ணத்தைப் பார்த்து "இன்னும் அப்படியே இருக்கு, பசி இல்லை போல" என்று போய்விடுகிறார். அந்தப் பசியில் பறவை செத்ததும் உண்டு. தினம் கிண்ணத்தை எடுத்து ஊத வேண்டும். கூண்டுக்குள்ளேயே வைத்து ஊதினால் உமி கண்ணில் விழும், துண்டு அதற்குத்தான். தினை மட்டும் போதாது. கொத்தமல்லி, முருங்கைக்கீரை, துருவிய கேரட் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டுமருந்துக் கடையில் கடல் நுரை என்று கிடைக்கும் கணவாய் ஓடு வேண்டும். வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் நஞ்சு. மாலைக் காப்பியோடு இவர் நீட்டும் காராசேவும் ஆகாது.

கூண்டு உயரமாக இருந்தால் கோபுரம்போல் அழகு என்பது இவர் எண்ணம். ராஜராஜன் 1010இல் முடித்த விமானத்தை நாள்தோறும் பார்க்கும் ஊரில் அந்த ஆசை இயல்பே. ஆனால் இந்தப் பறவை ஹெலிகாப்டர்போல் மேலெழுவதில்லை, பக்கவாட்டில் பறப்பது. அதற்கு வேண்டியது அகலம். உட்கார ஒரே பருமனுள்ள பிளாஸ்டிக் குச்சியை விட, பருமன் மாறும் வேப்பங்கிளையும் கொய்யாக் கிளையும் பாதத்துக்கு நல்லவை. கத்தரி வெயிலில் அலகைத் திறந்து சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் வெப்பம் தாங்கவில்லை என்று பொருள். நனைத்த கீரைக் கட்டைப் போட்டால் அதில் புரண்டே குளித்துவிடும். பெரிய ஆபத்து புகை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவர்த்தி, அடுப்பில் மறந்து அளவுக்கு மேல் காய்ந்த நான்ஸ்டிக் தோசைக்கல்லின் ஆவி ஆகியவை பறவையின் நுரையீரலைத் தாக்கும். கடைசியில் சொன்னது சில நிமிஷத்திலேயே கொல்லும். கூண்டை அடுப்படியிலிருந்து தள்ளி வைத்ததற்கு இவர் வீட்டம்மாவிடம் சொன்ன காரணம் இதுதான். அவர் நம்பிய காரணம் உமி.

பறவையின் நடத்தையை இவர் குடும்பச் சட்டப்படியே படிக்கிறார், அநேகமாகத் தவறாக. கண்ணாடி முன்னால் தலையை ஆட்டி ஆட்டிப் பறவை இரையைக் கக்கினால் அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் வைக்கிறார். அது காதல்; கண்ணாடியில் தெரியும் உருவத்துக்கு விருந்து. பொழுது சாயும்போது அலகை நறநறவென்று அரைத்தால் கோபம் என்கிறார். அது நிம்மதி, தூக்கத்துக்கு முன்னுரை. ஒற்றைக் காலில் நின்று தூங்கினால் மற்றக் காலில் வலி என்று பதறுகிறார். அது வழக்கமான தூக்கம். ஒரு பட்ஜரிகர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பதும் விடும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிற்பகலில் அது மூன்றாவதாக இவருக்கும் தொற்றுவதை வீட்டம்மா கண்டிருக்கிறார். புதிர்ப் பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொண்ட ஆணிடம் பெண் பட்ஜரிகரின் மனம் சாய்கிறது என்று 2019இல் சீன, நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதை இவர் உரக்கச் சொன்னபோது, வீட்டம்மா ஒரு வாரமாகத் திறக்காமல் கிடந்த ஊறுகாய் ஜாடியை எடுத்து எதிரில் வைத்தார்.

பேச வைப்பது இவருடைய தவம். தனியாக, சின்ன வயதிலிருந்தே மனிதரோடு பழகிய ஆண் பறவை பேசக் கற்கும். கலிபோர்னியாவில் பக் என்ற பட்ஜரிகர் 1,728 சொற்கள் பேசிக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இரண்டு சேர்ந்து இருந்தால் தங்கள் மொழியே போதும் என்று இருந்துவிடும். இவர் விடியற்காலையில் கூண்டு முன்னால் நின்று "முருகா சொல்லு, முருகா சொல்லு" என்று நூறு முறை சொல்கிறார். கிளி "க்ரிச்" என்கிறது. "கேட்டீங்களா, 'மு' வந்துடுச்சு!" என்று வந்தவரிடம் காட்டுகிறார். மூன்று வருஷத்தில் முருகன் பெயரைச் சரளமாகச் சொல்வது எதிர் வீட்டுக் கைக்குழந்தை ஒன்றே.

நோயில்தான் இவருடைய நகைச்சுவை நின்றுபோகிறது. கூட்டமாக வாழும் இந்தப் பறவை நோயை மறைக்கும்; சோர்ந்தது தெரிந்தால் வல்லூறு முதலில் அதைத்தான் குறிவைக்கும். பகலிலும் இறகை உப்பி, கண்ணை மூடி, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆட உட்கார்ந்திருந்தால் ஏற்கெனவே தாமதம். அப்போது இவர் தம் சளி மாத்திரையில் பாதியை ஒடித்துத் தண்ணீரில் கரைக்கப் போகிறார். 70 கிலோ மனிதர் 35 கிராம் பறவையைப் போல் 2,000 மடங்கு. அரை மாத்திரை அதற்கு ஆயிரம் மாத்திரை. நல்லவேளையாகத் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கன்று, ஆட்டுக்குட்டிகளோடு வந்தவர்கள் நடுவில், ஷூ பெட்டியில் ஓட்டை போட்டு மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் வந்த களைப்போடு இவர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "என்ன கொண்டாந்திருக்கீங்க ஐயா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். "ஒரு லவ் பேர்ட்ஸ்."

இந்த வகை பெருகும் முறை எளிது. உண்மையான பெண் பறவைகள் வந்து சேர்ந்ததும் கலயத்துக்குக் கலயம் ஒன்றுவிட்டு ஒரு நாளாக நாலு முதல் ஆறு முட்டைகள் வரும். ஒவ்வொன்றும் சுமார் 18 நாளில் பொரியும். முட்டை வந்த வரிசையிலேயே பொரிவதால் மூத்ததும் இளையதும் அண்ணனும் கைக்குழந்தையுமாகத் தெரியும். ஐந்து வாரத்தில் குஞ்சுகள் கலயத்தை விட்டு இறங்கும். கூண்டில் இடம் போதாமல் இரண்டை எடுத்து எதிர் வீட்டில் புதிதாக ஓய்வு பெற்றவருக்குக் கொடுக்கிறார். ஒரே கலயத்துக் குஞ்சுகள் பங்காளி என்பதால் வேறு வேறு கலயத்திலிருந்து பொறுக்கி எடுக்கும் அளவுக்கு இப்போது விஷயம் தெரிந்தவர். அந்த வயதில் குஞ்சுகளின் மூக்குச் சதை வெளிறிய இளஞ்சிவப்பாகவே இருக்கும். ஆண் எது, பெண் எது என்று பழகிய கண்ணுக்கே சட்டென்று பிடிபடாது. ஒன்று நீலம், ஒன்று பச்சை. அட்டைப் பெட்டியை நீட்டியபடி இவர் சொல்கிறார்: "நல்ல ஜோடி சார்."