மழையில் நிறுத்தக் கூடாத வீடு

"வண்டியை மழையில நிப்பாட்டி வச்சீங்களா, சேர்?"

கேட்டவர் கொழும்புப் பக்கத்துப் பட்டறைக்காரர். கேட்கப்பட்டவர் ஹட்டனில் குடியிருக்கும் ஒரு பாடசாலை ஆசிரியர், அதாவது இதை எழுதுகிற ஆசாமி. ஊரில் எல்லோருக்கும் அவர் சேர். இந்தக் கட்டுரைக்கும் அந்தப் பெயரே போதும். நடந்தது போன வெள்ளிக்கிழமை. சேரின் கோபம் இன்னும் இறங்கவில்லை. ஹட்டனிலிருந்து கொழும்பு வீதியில் கொஞ்சத் தூரம் இறங்கினால் வட்டவளை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, நாட்டின் மழைப் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர். மே மாதம் தென்மேல் பருவக்காற்று பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் இந்தப் பக்கம் துணி காய வேண்டுமென்றால் அடுப்படிக்குத்தான் போக வேண்டும். இங்கே ஒரு வண்டியை மழையில் நிறுத்தாமல் வேறு எதில் நிறுத்துவதாம்?

வண்டி என்றது ட்ரெயிலரை. தோட்டத்தில் ட்ரெயிலர் என்றால் ட்ரெக்டருக்குப் பின்னால் கொழுந்து மூட்டை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குப் போவது. சேர் வாங்கியது அதுவல்ல. கட்டில், அடுப்பு, சிங்க், மடக்கு மேசை, ஒரு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு குளிக்கக்கூடிய குளியலறை எல்லாம் உள்ளே வைத்து, டபள் கெப்புக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற வீடு. சேரின் மனைவியும் ஆசிரியை, ஊருக்கு டீச்சர். சினிமாப் பத்திரிகை படிப்பவர் என்பதால் அவர் அதைக் கேரவன் என்றுதான் சொல்வார். கெப், மரக்கறி ஏற்றுகிற மச்சானுடையது. யோசனையும் அவருடையதே. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் அறை வாடகை விசாரித்துவிட்டு வந்து, "இந்தக் காசுக்கு வீட்டையே இழுத்துக்கிட்டுப் போயிரலாம் அத்தான்" என்றார். அப்படி இழுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போன கதையைத்தான் இங்கே எழுத உத்தேசம். அதற்கு முன் சில சில்லறை விஷயங்கள்.

யோசனையில் பிழை சொல்ல முடியாது. டிசம்பர் போயாவில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கி வெசாக் வரை ஹட்டன் வழியாக மஸ்கெலியா, நல்லதண்ணிக்குப் போகிற பஸ்களை எட்டிப் பாருங்கள். பாய், தலையணை, அரிசி மூட்டை, கிடாரம், கேஸ் சிலிண்டர், பாட்டி, பேரன், எல்லாம் உள்ளே இருக்கும். கேரவன் நாகரிகம் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. ஒழுகுகிற கேரவன்தான் புதிது.

பட்டறையில் வெயிலில் வைத்துக் காட்டியபோது எல்லாம் அம்சமாக வேலை செய்தன. ஏற்றம் தொடங்கியதும் வேறு கதை. கினிகத்தேனைக்கு ஏறுகிற வளைவுகளில் மேல் அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து, பிங்கான் கோப்பைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சுடுதண்ணீர்க் குழாயில் பச்சைத்தண்ணீர் வந்தது. பச்சைத்தண்ணீர்க் குழாயில் ஒன்றும் வரவில்லை. கேஸ் ரெகுலேட்டர் வீட்டிலிருந்த சிலிண்டருக்குப் பொருந்தவில்லை. லாச்சியைத் திறந்தால் ஒரு கை நிறைய ஸ்குரூ ஆணிகள் கிடந்தன. மேலதிகமாகக் கொடுத்தார்களா, எங்கேயாவது அடிக்க மறந்தார்களா என்பது கடவுளுக்கும் பட்டறைக்கும் வெளிச்சம். கதவு சமதரையில் நின்றால் மட்டும் பூட்டும். ஹட்டனில் சமதரை என்று சொல்லத்தக்கது டன்பார் மைதானம். அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

மெத்தையின் பொலித்தீன் உறையை உரிக்க டீச்சர் விடவில்லை. புதுச்சாமான் என்றால் எல்லார் வீட்டிலும் அதுதானே வழக்கம். அந்தப் பொலித்தீன்தான் பிறகு மெத்தையைக் காப்பாற்றியது. ஏனென்றால் முதல் மழைக்கே கூரை ஒழுகியது.

இனி சிலிக்கன் புராணம்.

முதலில் வந்தவர் டிங்கர் பாஸ். ஒழுகின இடத்தை விரலால் தொட்டார், விரலை மோந்து பார்த்தார். "சிலிக்கன் அடிச்சாச் சரி சேர்" என்றார். இந்த நாட்டில் சிலிக்கன் அடித்துச் சரியாகாத பொருள் என்று ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சிங்க் ஒழுகினால் சிலிக்கன், மீன் தொட்டி கசிந்தால் சிலிக்கன், ஆட்டோவின் சைட் கண்ணாடி ஆடினால் சிலிக்கன், சப்பாத்தின் அடி பிளந்தால் சிலிக்கன், சாமிப் படத்தின் சட்டம் கழன்றால் கும்பிட்டுவிட்டுச் சிலிக்கன். ஹார்ட்வெயார் கடையில் "எதுக்கு?" என்றுகூடக் கேட்பதில்லை; "வெள்ளையா, கறுப்பா, கண்ணாடியா?" என்றுதான் கேட்கிறார்கள். இதில் பாஸ்மாருக்குள் கட்சிகள் உண்டு. டிங்கர் பாஸ் கறுப்புக் கட்சி. அவருக்குப் பிறகு வந்த அலுமினியம் பாஸ் கண்ணாடிக் கட்சி. அவர் வந்ததும் கூரையில் ஏறி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யாரு சேர் இத அடிச்சது?" என்றார். பாஸ் வேலையின் முதல் படி அது. முந்தியவரைத் திட்டாமல் யாரும் பையைத் திறப்பதில்லை. மூன்றாவது தடவை பழைய டிங்கர் பாஸே வந்து, தான் அடித்த கறுப்பையே பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்.

சிலிக்கனுக்கு ஒரு குணம் உண்டு. சாதாரணமாகக் கடையில் கிடைப்பது வினாகிரி மணம் அடிக்கும். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். "அப்ப நம்ம ஊருக்குன்னே செஞ்சது சேர்" என்றார் பாஸ். ஈரம் காற்றில் இருக்கலாம், அடிக்கிற இடம் மட்டும் காய்ந்திருக்க வேண்டும் என்பது மிச்சப் பாதி. ஆடி மாதத்து ஹட்டனில் ஒரு சதுர அடித் தகரத்தைக் காய வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பாஸ் டியூபைப் பிடிக்க, மச்சான் தறப்பாளைப் பிடிக்க, சேர் குடையைப் பிடிக்க, டீச்சர் தலைமுடி காயவைக்கிற மெஷினைப் பிடித்தார். பக்கத்து வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

இன்னொரு குணம்: இறுகிப்போன பழைய சிலிக்கனின் மேல் புதுச் சிலிக்கன் ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் அடுத்தது பிடிக்கும். சுரண்டுகிற பாஸை சேர் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே கறுப்புக்கு மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் வெள்ளை, அதற்கு மேல் மறுபடி கறுப்பு. வெட்டிப் பார்த்தால் எந்தப் பாஸ் எந்தக் காலத்தில் ஆண்டார் என்று தொல்லியலாளர்கள் சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டில் கேரவன் கட்டுகிறவர்கள் மூட்டுகளுக்குப் பியூட்டைல் நாடாவை வைத்து அழுத்துவார்கள், கூரைக்கென்று தனிப் பசை பூசுவார்கள், சிலிக்கனைக் கிட்டே சேர்க்கத் தயங்குவார்கள். இதைப் படித்துவிட்டு வந்து சேர் பாடம் நடத்தினார். பாஸ் பொறுமையாகக் கேட்டு, "அதெல்லாம் வெளிநாட்டு மழைக்கு சேர்" என்றார்.

எல்லாவற்றையும் விட, சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும் ஒன்றில்லை. தண்ணீர் முன்பக்க விளக்கின் ஆணித்துளையால் உள்ளே போகும், மரச்சட்டத்தின் வழியே நிதானமாக நடக்கும், பின்பக்கத் தலையணையின் மேல் இறங்கும். தலையணைக்கு நேர் மேலே சிலிக்கன் அடித்தால் வெளியே வரும் வழிதான் அடைபடும். வந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே குடியிருக்கும். அப்படிக் குடியிருந்த தண்ணீர் கடைசியில் மின்விளக்கைக் கண்டுபிடித்தது. விளக்கின் கண்ணாடி மூடியில் அரைவாசிக்குத் தண்ணீர் நின்றது. மச்சான் தங்கமீன் வாங்கிவரவா என்று கேட்டார். அவருடைய பங்குக் காசும் அதற்குள்தான் நிற்கிறது என்பதை டீச்சர் நினைவூட்டினார்.

டியூபைத் திறந்தால் மூக்கு இறுகிப்போகும்; மிச்சத்தை அன்றைக்கே எதிலாவது அடித்துத் தீர்க்க வேண்டும். இப்படித் தீர்த்ததில் பக்கத்து வீட்டு யன்னல், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கி, மூலைக்கடையின் பெயர்ப்பலகை எல்லாம் காற்றுப் புகாமல் அடைபட்டுவிட்டன. அந்தப் பாதையில் இன்று ஒழுகுகிற ஒரே கூரை, புதிதாக வாங்கிய கூரை.

சேர் பிறந்தது லயத்தில். மழை வந்தால் எந்தச் சட்டியை எங்கே வைப்பது என்பதை எழுத்துக்கு முன்பே கற்றவர். அந்தத் தகரக் கூரை வெள்ளைக்காரன் காலத்தது. தார் பூசிய துணியும் மேலே வைத்த கல்லும்தான் அதைப் பிடித்து வைத்திருந்தன. அதற்கு யாரும் வொரண்டி தரவில்லை. இந்தக் கூரை வொரண்டியோடு வந்தது, ஆனால் அதே இடத்தில் அதே சட்டி. சேரின் ஆத்திரத்துக்கு மூலம் அங்கே இருக்கிறது. சிலிக்கனைப் பழித்தது வெறும் சாக்கு.

கேரவனுக்கும் ஒரு வெள்ளைக்காரன் காலம் உண்டு. முதன்முதலில் உல்லாசத்துக்கென்று கேரவன் கட்டுவித்தவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், ஓய்வுபெற்ற கடற்படை வைத்தியர். 1885 இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் மஹோகனி மரத்தால் செய்வித்து, இரண்டு குதிரை பூட்டி, ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் வரைக்கும் போனார். அதே 1885 இல்தான் ஹட்டனுக்கு முந்திய ஆண்டு வந்து சேர்ந்த ரயில் பாதை நானுஓயாவைத் தொட்டது. அந்தக் கேரவன் இன்றும் இங்கிலாந்தில் காட்சிக்கு நிற்கிறது. பாதையிலும் இன்றும் ரயில் ஓடுகிறது, மலை சரிந்து மூடாத நாட்களில். அந்தக் காலத்துச் சாமான் என்று கிழவர்கள் பெருமூச்சு விடும்போது சேர் இப்போதெல்லாம் மறுத்துப் பேசுவதில்லை.

வட அமெரிக்காவில் ஓடுகிற இந்த வகை வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த தொழிற்சாலைகளிலிருந்து வருபவை. அங்கே புது வண்டி எடுக்கிறவர்களில் சிலர், சொந்தச் செலவில் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு போய், கூரை மூட்டிலிருந்து குழாய் வரை பார்த்த பிறகே கையெழுத்துப் போடப் பழகிவிட்டார்கள். பழுதான புது வாகனத்தைத் தயாரித்தவர் தலையிலேயே கட்டுகிற ‘எலுமிச்சைச் சட்டம்’ 1982 இல் கனெக்டிகட் மாநிலத்தில் முதலில் வந்தது. பிறகு மற்ற மாநிலங்களும் கொண்டுவந்தன. ஆனால் பல மாநிலங்களில் இழுத்துப் போகிற ட்ரெயிலர் அந்தச் சட்டத்துக்குள் வராது. எஞ்சின் இல்லாத வண்டியை வாங்கியவருக்குக் கோபமும் வராது போலும். இவ்வளவு பெரிய நாட்டுக்காரர்களும் கூரைக்குக் கீழே சட்டி வைக்கிறார்கள் என்று தெரிந்தபோது சேருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அன்று இரவு மழை பெய்ததும் அந்த ஆறுதல் போய்விட்டது.

இங்கே வொரண்டி என்பது ஒரு தொலைபேசி இலக்கம். தமிழுக்கு 3 ஐ அழுத்தினால் பாட்டு வரும். பாட்டு முடிந்தால் சிங்களத்தில் ஒரு பிள்ளை வரும். நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். குறித்தது எங்கே போகிறது என்று கேட்டால் மறுபடி பாட்டு. பட்டறைக்காரர் நேரடியாகப் பேசினால் பதில்கள் மூன்று: எல்லா வண்டியிலும் அப்படித்தான், ஓட ஓடச் சரியாகிவிடும், கீழே கொண்டு வாருங்கள், பார்க்கலாம். கீழே கொண்டு போனால் அங்கே வெயில். வெயிலில் எதுவும் ஒழுகுவதில்லை.

இலங்கையில் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் என்று 1896 இலிருந்து ஒன்று இருக்கிறது. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஓரளவுக்காவது ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அதில் உள்ளடங்கிய நிபந்தனை. ஹட்டனில் வைக்கத்தான் வாங்குகிறேன் என்று சேர் சொல்லித்தான் வாங்கினார். இவ்வளவும் தெரிந்த பிறகு, வட்டவளை மழையையும் 1896 ஐயும் சேர்த்து ஒரே மூச்சில் பட்டறைக்காரருக்குச் சொன்னதற்குத்தான் முதல் வரியில் உள்ள கேள்வி பதிலாக வந்தது. நுவரெலியாப் பயணத்துக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. மன்னிக்கவும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். பாஸ்மாருக்காகக் காத்திருந்த நாளும் பாட்டுக் கேட்ட நாளும் அதில் கழிபடாது. உங்கள் வீட்டிலும் புதிதாக வாங்கிய ஏதாவது ஒழுகிக்கொண்டோ கரகரத்துக்கொண்டோ இருந்தால், பாஸைக் கூப்பிடுவதற்கு முன் பில்லைத் தேடி எடுத்துத் திகதியைப் பாருங்கள்.