நல்லவர்தான், ஆனால் வேண்டாம்

அனுப்புநர்: மனு எழுதுபவன், ஆட்சியர் அலுவலக வாசல், தருமபுரி.

பெறுநர்: கனம் ஆவண அதிகாரி அவர்கள், இந்தியத் தரைப்படை ஆவண அலுவலகம், எந்த ஊரில் இருந்தாலும்.

பொருள்: ஒருமுறை வேண்டாம் என்றவரை மறுமுறை வேண்டும் என்று சொல்லக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தரைப்படைத் தலைமையகத்தின் 28.12.1988 நாளிட்ட கடிதம். 2. புறநானூறு, 95ஆம் பாட்டு. 3. எடுத்தனூர் நடுகல்லில் உள்ள நாய்.

ஐயா,

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிற சனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். பட்டாளத்து மனு என்றால்தான் பேனா தயங்கும். ஆட்சியர் அதை வாங்கி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் குறிப்பெழுதுவார். அவர்கள் தங்களுக்கு அனுப்புவார்கள். தாங்கள் 'விதிகளில் இடமில்லை' என்று ஒரு வரி எழுதி வந்த வழியே திருப்புவீர்கள். அந்தக் காகிதம் போய்வரும் தூரத்துக்கு அதற்கே பயணப்படி கொடுக்கலாம். நடுவில் யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று நேராகவே எழுதுகிறேன்.

என் கட்சிக்காரர் பென்னாகரம் பக்கத்து ஆள். பெயர் எழுதவில்லை. எழுதினால் கோப்பை எடுப்பீர்கள். எடுத்தால் முதலில் சிவப்புதான் கண்ணில் படும். அவருடைய மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பாலிதீன் உறை, உறைக்குள்ளிருந்து டிஸ்சார்ஜ் புத்தகம். உயரம் சரி, ரத்த வகை சரி, இடது தோளில் மச்சம், அதுவும் சரி. நடத்தை என்ற இடத்தில் 'நன்று'. வெளியேற்றிய காரணம் என்ற இடத்தில் 'இவரது சேவை இனித் தேவையில்லை'. எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போனால் இப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள்: பையன் தங்கமான பையன், ஆனால் எங்களுக்கு வேண்டாம்.

காரணத்துக்குக் காரணம் சிவப்பு மை, அதாவது தண்டனைப் பதிவு. அது இந்தப் புத்தகத்தில் இல்லை, தங்கள் பீரோவில் இருக்கிறது. முதல் சிவப்பு எப்படி விழுந்தது என்று கேட்டேன். லீவில் வந்தபோது அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. சேலத்தில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஜம்மு பக்கம் போய் இறங்கலாம். அது வாரத்துக்கு ஒரு நாள்தான். விட்டால் அடுத்த வாரம், இல்லையென்றால் டெல்லி வரை கக்கூஸ் ஓரம் உட்கார்ந்து போய் வேறு வண்டி பிடிக்க வேண்டும். ஒன்பது நாள் தாமதம். லீவு முடிந்தும் திரும்பாதது ராணுவச் சட்டம் 39ஆம் பிரிவில் குற்றம். 80ஆம் பிரிவின்படி கமாண்டிங் ஆபீசரே விசாரித்து 28 நாள் வரை உள்ளே வைக்கலாம், வக்கீலெல்லாம் கிடையாது. இவர் தனக்குத் தெரிந்த இந்தியில் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும்தான் அம்மா இருக்கிறார்கள் என்று பதில் வந்ததாம். உண்மைதானே, மறுக்க முடியுமா?

இரண்டாவது சிவப்பு, குடித்ததற்கு. அதை அவரும் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. ரம்மையும் கேன்டீனில் கோட்டா போட்டுத் தாங்களே கொடுத்து, சிவப்பு மையையும் தாங்களே கொடுத்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. மூன்றும் நான்கும் மறுபடி லீவு.

நான்கு சிவப்பு சேர்ந்தால் ஆள் வெளியே என்பதுதான் பாரக்கில் எல்லாரும் சொல்கிற சட்டம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், பார்வை 1-இல் கண்ட கடிதம் பற்றித் தெரிய வரும்வரை. அது தங்கள் தலைமையகமே எழுதியது. நான்கு சிவப்பு மைப் பதிவு இருந்தால் வெளியேற்றலாம், வெளியேற்றியே தீர வேண்டும் என்பதில்லை என்கிறது. முதலில் ஒரு விசாரணை வை; குற்றம் எப்பேர்ப்பட்டது என்று பார்; எத்தனை வருஷம் உழைத்தான், எந்தப் பனியில் எந்த மலையில் கிடந்தான், பென்ஷனுக்கு எவ்வளவு பாக்கி என்று பார்; பிறகு முடிவு செய் என்கிறது. இவ்வளவு ஈரமுள்ள கடிதத்தை அரசாங்கத்தில் நான் வேறு பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அதை யாரும் வெளியே எடுத்து வெயிலில் காட்டவில்லை. வீரேந்திர குமார் துபே என்ற படைவீரர் வழக்குப் போட்டு, 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தைத் தங்களுக்கே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. எழுதியவருக்கே வாசித்துக் காட்ட 27 ஆண்டு.

அந்தத் தீர்ப்பின் முடிவு இன்னும் சுவையானது. வெளியேற்றியது செல்லாது என்றார்கள். ஆனால் துபே மறுபடி சீருடை போடவில்லை. பென்ஷனுக்கு வேண்டிய காலம் முடியும்வரை அவர் பணியில் இருந்ததாகக் கருத வேண்டும், பின்சம்பளம் கிடையாது என்று தீர்ப்பு. அதாவது மறுபடி பட்டாளத்தில் சேர்ந்தது அவரல்ல, அவருடைய கோப்பு.

என் கட்சிக்காரருக்குக் கோப்பு சேர்ந்தால் போதாது, தானும் போக வேண்டுமாம். கண்ணூரில் பாதுகாப்புப் படைப் பிரிவின் மையம் இருக்கிறது, அந்தப் பிரிவைச் சனங்கள் டி.எஸ்.சி. என்பார்கள். 1947-இல் தொடங்கியது. ஓய்வு பெற்ற சிப்பாய்கள் மறுபடி சேர்ந்து ஆயுதக் கிடங்குகளையும் படைத்துறை வளாகங்களையும் காவல் காக்கிற பிரிவு. அங்கேயும் முதலில் கேட்பது இதே புத்தகத்தைத்தான். சரி, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வேறு வேலை பார்க்கலாமே என்றேன். ஒழுங்கீனத்துக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ வெளியேற்றப்பட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டாராம். பதினோரு வருஷம் துப்பாக்கி தூக்கியவர் இந்நாள் படைவீரரும் இல்லை, முன்னாள் படைவீரரும் இல்லை. எந்நாள் என்று தாங்களே ஒரு சுற்றறிக்கை போட்டால் நல்லது. 15 வருஷம் நிரம்பாததால் பென்ஷனும் இல்லை. இப்போது பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் இரவுக் காவல். ராணுவத்துக்குத் தேவைப்படாத சேவை அங்கே பன்னிரண்டு மணி நேரம் தேவைப்படுகிறது.

பார்வை 2-க்கு வருகிறேன். எங்கள் ஊர் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அங்கே ஆயுதச் சாலையைப் பார்த்தார். பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பளபளவென்று வைத்திருந்தார்கள். எங்கள் மன்னனுடைய வேலெல்லாம் குத்திக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கிறது என்று அவர் சொன்னார். தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். தங்கள் அலுவலகத்துக்கு அவரை அனுப்பியிருந்தால் நுனி ஒடிந்த ஒவ்வொரு வேலுக்கும் ஒரு சிவப்புப் பதிவு போட்டு, 'வேலின் சேவை இனித் தேவையில்லை' என்று சான்று கொடுத்திருப்பீர்கள்.

பார்வை 3. இந்தப் பக்கமெல்லாம் நடுகல் நிறைய. பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூரில் ஒன்று. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. அவனோடு நின்று கள்ளர்களைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரும் உருவமும் அதே கல்லில் உண்டு. அந்த நாய் எத்தனை நாள் சொல்லாமல் ஊர் சுற்றியது என்று யாரும் செதுக்கவில்லை. செய்ததை மட்டும் செதுக்கினார்கள், 1400 வருஷமாக நிற்கிறது. தங்கள் விதிப்படி பென்ஷன் வாங்காத சிப்பாயின் ஆவணங்களை 25 ஆண்டில் அழித்துவிடலாம். சாட்சி போய்விடும், 'தேவையில்லை' மட்டும் அவர் மஞ்சள் பையில் மிச்சமிருக்கும்.

அமெரிக்காவில் படையை விட்டு வெளியேறுகிறவருக்கு டி.டி.214 என்று ஒரு தாள் கொடுக்கிறார்கள். மறுபடி சேரலாமா கூடாதா என்பதற்கே அதில் ஒரு குறியீடு. வெளியேற்றியது சரியில்லை என்றால் மறுஆய்வு வாரியத்துக்கு எழுத 15 ஆண்டு அவகாசம். அங்கேயும் எல்லாருக்கும் கதவு திறந்துவிடாது, தட்டக் கதவாவது தெரிகிறது. இங்கே 2007-இல் சட்டம் போட்டு 2009-இல் ஆயுதப் படைகளுக்கென்று தீர்ப்பாயம் திறந்தார்கள், சென்னையிலும் கிளை உண்டு. இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்ட வேண்டும். பென்னாகரத்துக்காரர் அந்த ஆறு மாதமும் பெங்களூரில் கேட் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் வருகிறது. 2022-இல் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். எந்த 25 என்பதைப் பணிக்காலப் பதிவுதான் சொல்லும். தங்கள் பேனாவுக்கு வேலை அதிகமாகப் போகிறது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ஆகவே கனம் அதிகாரி அவர்கள் தயவுகூர்ந்து, சிவப்பு மையில் எழுதும்போது பக்கத்திலேயே கறுப்பு மையில் அவர் அப்போது எந்த மலையில் எத்தனை மாதம் நின்றார் என்பதையும் எழுதுமாறும், 1988ஆம் ஆண்டுக் கடிதத்தை வெளியேற்றும் நோட்டீசோடு சேர்த்து அவரவர் மொழியில் கையில் கொடுக்குமாறும், கண்ணூருக்கு மனுப் போடுகிறவரின் புத்தகத்தோடு அவர் முகத்தையும் ஒருமுறை பார்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்.

பி.கு.: இது அதிகாரிக்கு அல்ல, லீவில் ஊர் வந்திருக்கும் தம்பிகளுக்கு. நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பதிலை எழுத்தில் கொடுத்து, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியேற்றிவிட்டார்கள் என்றால் பெங்களூருக்குப் பஸ் ஏறும் முன் சென்னைக்கு ஏறுங்கள். ஆறு மாதம்தான்.