மாலையிடும் நொதி: ஓர் ஆராய்ச்சி

நம் உடலின் வலப்புறத்தில், விலா எலும்புகளின் மறைவில், விளம்பரமின்றி வாசம் செய்யும் கல்லீரலுக்குள் குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ் என்றொரு நொதி உண்டு. புகையோடும் மருந்தோடும் உட்புகுந்து, எதிர்ப்பட்ட புரதத்தையெல்லாம் வம்புக்கிழுக்கும் அந்நிய ரசாயனங்களுக்குக் குளுட்டாதயோன் என்னும் மாலையைச் சூட்டி, நீரில் கரையும் சாதுக்களாக்கிப் பித்தத்தின் வழியாகவோ சிறுநீரின் வழியாகவோ வழியனுப்பி வைப்பது அதன் நித்திய கர்மம். மாலை விழுந்ததும் அடங்கிவிடும் வழக்கம் மேடைப் பேச்சாளரிடம் இல்லாவிடினும் மூலக்கூறுகளிடம் உண்டு.

முதலாவது, தோற்றம். 1961-இல் பூத், பாய்லண்ட், சிம்ஸ் என்னும் மூவர் இதை எலியின் கல்லீரலில் கண்டனர். எலியின் அபிப்பிராயம் பதிவாகவில்லை.

இரண்டாவது, நாமகரணம். பிலிரூபினைத் துரத்தியவர்கள் கல்லீரலில் ஒரு புரதத்தைக் கண்டு 'ஒய் புரதம்' என்றனர். கார்ட்டிசாலைத் துரத்தியவர்களும், புற்றுநோய் விளைக்கும் சாயங்களைத் துரத்தியவர்களும் தத்தமக்கு ஒரு புரதம் கண்டு தத்தம் பெயரிட்டனர். எல்லாம் ஒன்றே என்று 1971-இல் லிட்வாக், கெட்டரர், ஏரியஸ் ஆகியோர் தெளிந்தபோது, இருந்த பெயர்களுள் ஒன்றை வைத்துக்கொள்ளும் சிக்கன புத்தி எவருக்கும் தோன்றாமல், 'லிகாண்டின்' என்று புதுப்பெயர் சூட்டினர். அதுவும் பழைய நொதியின் ஒரு வகையே என்பது 1974-இல் வெளியாயிற்று. ஔவையார் எத்தனை பேர் என்று எண்ணி ஓயாத நம் பேராசிரியர்கள், ஒருவரையே பலராக்கும் இந்த வித்தையைக் கடல்கடந்தவர்களும் பயின்றிருப்பது கண்டு ஆறுதல் கொள்ளலாம்.

மூன்றாவதும் பிரதானமானதும், விஷத்தை அடக்குவது மாலையா, மாலையிடும் கையா என்னும் விவகாரம். குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசீன் என்னும் மூன்று மலர்களால் ஆனது மாலை. அவற்றுள் சிஸ்டீனின் கந்தகமே பற்றிக்கொள்ளும் முடிச்சு. பாராசிட்டமாலிலிருந்து பிறக்கும் நாப்கி என்னும் நஞ்சு, நொதி தொடாமலேயே குளுட்டாதயோனில் சென்று ஒட்டிக்கொள்ளும்; ஆகவே கை வெறும் சம்பிரதாயமே என்பர் மாலைவாதிகள். மற்றப் பல நஞ்சுகளுக்குக் கழுத்து தானாக வளையாது என்றும், கந்தகத்தைக் கூர்மைப்படுத்தித் தருவதே கைதான் என்றும் சீறுவர் கைவாதிகள். அளவுமீறி பாராசிட்டமால் விழுங்கியவருக்கு மாலைக் கையிருப்பு தீர்ந்து கல்லீரல் அழுகத் தொடங்கும்போது, மருத்துவர் அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்து மலர் சேர்க்கிறாரேயொழியக் கை சேர்ப்பதில்லையே என்பது மறுப்பு. இதற்குச் சமாதானம், இன்னும் இயற்றப்படாத ஒரு நூலுக்குப் பெயர் தெரியாத ஒருவர் வரைந்த விருத்தியுரையின் செல்லரித்த பகுதியில், வலப்பக்க ஓரத்தில், மிகத் தெளிவாக உள்ளது என்று கைவாதிகள் சாதிக்கின்றனர். அது இடப்பக்க ஓரம் என்பது மாலைவாதிகளின் கண்டனம். விவாதம் தற்போது ஓரத்தைப் பற்றியதாக உயர்ந்துவிட்டது.

நான்காவதாக ஒன்று உண்டு. டைபுரோமோஈத்தேன் போன்ற சில ஆசாமிகள் மாலை விழுந்த பிறகே துணிவு பெற்று மரபணுவைத் தாக்கப் புறப்படுகின்றனர். இதை இரு கட்சியாரும் முதன்முறையாக ஒருமனப்பட்டுப் பிற்சேர்க்கைக்கு ஒதுக்கியுள்ளனர். பிற்சேர்க்கை அச்சில் இருக்கிறது.