மோதிரத்துப் பவளம் அசலா? கோலசிலாங்கூர் வட்டாரச் சமையலறை முறைகள் குறித்து ஓர் ஆய்வு

பவளம் என்பது கடலடிப் பாறையில் கூட்டமாக வாழும் சிற்றுயிர்கள் கட்டும் சுண்ணக்கூடு. வேதியியல் கணக்கில் அது கால்சியம் கார்பனேட். மோஸ் அளவுகோலில் கடினம் 3 முதல் 4 வரை. அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.65 மடங்கு. சோதிடக் கணக்கில் அது செவ்வாய்க்கு உரிய கல்; மோதிர விரலில் அணிய வேண்டியது. மலேசியாவில் கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரையுள்ள தோட்டங்களில் இரண்டாவது கணக்குக்கே மதிப்பு அதிகம். காசு கொடுத்து வாங்கிய கல்லின் மேல் சந்தேகம் வந்த பிறகுதான் முதல் கணக்கு தேவைப்படுகிறது.

சந்தேகத்துக்குப் புவியியல் காரணம் உண்டு. கோலசிலாங்கூர்க் கரை அலையாத்திக் காடும் சேறும் கொண்டது. அங்கே கெராங் என்னும் சிப்பி கிடைக்கும். நகைப் பவளம் கிடைக்காது. செம்பவளம் மத்தியத்தரைக் கடலின் சரக்கு. ரோமர்கள் முத்தை மதிப்பது போல இந்தியர் பவளத்தை மதிப்பதாக ரோம எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதினார். முசிறியில் இறங்கிய சரக்குகளில் பவளமும் ஒன்று என்கிறது பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல். சென்னை ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கும் பவழக்காரத் தெரு, பவளத்தைக் கொண்டுவந்து வைரத்தைக் கொண்டுபோன யூத வணிகர்களால் பெயர் பெற்றது. இத்தனை கை மாறிவரும் பொருள் நடுவழியில் கண்ணாடியாகிவிட்டதா என்று புக்கிட் ரோத்தானில் ஒரு மாமியார் கேட்டால் அதில் தவறில்லை.

வீட்டுச் சோதனைகளில் முதலிடம் பாலுக்கு. ஒரு கிளாஸ் பாலில் கல்லைப் போட்டுவைத்தால், அசல் பவளம் பாலைச் சிவக்கச் செய்யும் என்பது கொள்கை. தோட்ட வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் டின்பாலே பயன்படுகிறது; அது தொடக்கத்திலேயே மங்கலாக இருப்பதால், சிவந்ததா இல்லையா என்பதில் குடும்பம் இரண்டாகப் பிரிய வசதி ஏற்படுகிறது. கொள்கையின் உண்மையான குறை வேறு. இயற்கைப் பவளத்தின் நிறம் கூட்டோடு கூட்டாக ஊறியது; பாலில் இறங்காது. இறங்குவது சாயம். ஆகவே இந்த முறை போலியைச் சரியாகக் கண்டுபிடித்து அதற்கே மாலை போடுகிறது.

அடுத்தது மஞ்சள். கல்லை மஞ்சளில் உரைக்கும்போது சிவந்தால் போலி, சிவக்காவிட்டால் அசல். மஞ்சள் காரத்தில் சிவக்கும். ஆரத்தித் தட்டே அதற்குச் சான்று. பவளமும் சுண்ணாம்பு வகைதான் என்றாலும் நீரில் கரையாத வகை என்பதால் மஞ்சள் அப்படியே இருக்கும். கண்ணாடி, பிளாஸ்டிக், மாட்டெலும்பு ஆகியவற்றை உரைத்தாலும் அப்படியேதான் இருக்கும். அனைவரும் தேறும் இத்தேர்வை விற்பனையாளர்களே விரும்பிப் பரிந்துரைப்பது வியப்பன்று. ஒரே ஒரு விதிவிலக்கு: சோதிப்பவர் சற்றுமுன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியிருந்தால் எந்தக் கல்லும் மஞ்சளைச் சிவக்க வைக்கும். எனவே பாட்டி உரைத்தால் போலியாகும் கல், பேத்தி உரைத்தால் அசலாகிவிடுகிறது. "சாமி மேல சத்தியம் பண்ணிக் குடுத்தான்லா" என்று வாங்கிவந்தவர் சொல்லும் சாட்சியம் இந்தக் கட்டத்தில்தான் பதிவாகிறது.

எலுமிச்சைச் சாறு கொஞ்சம் மரியாதைக்குரியது. கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு உருப்பெருக்கியால் பார்த்தால், கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு நுண்குமிழ்களாகக் கிளம்பும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் சும்மா கிடக்கும். ஆனால் முட்டை ஓடும், பளிங்கும், பாசிர் பெனம்பாங்கில் தின்று எறிந்த கெராங் ஓடும் அதே உற்சாகத்தோடு பொங்கும். மேலும், குமிழ் வந்த இடத்தில் மெருகு போய்விடும். அசல் என்று தெரிந்த கணத்தில் கல்லின் விலை குறைகிறது. தோட்டங்களில் ரப்பர் காலத்தில் ரப்பர்ப் பாலைத் தொட்டியில் உறைய வைத்தது ஃபார்மிக் அமிலம். பவள மோதிரத்தோடு அந்தத் தொட்டியில் கைவைத்தவர் கேட்காமலே இச்சோதனையைச் செய்துகொண்டிருந்தார். பிரெஞ்சுத் தோட்ட முதலாளி ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் இவ்வட்டாரத் தென்னமரம் தோட்டத்தில் வணிகச் செம்பனையைத் தொடங்கிவைத்தார். பின்னாளில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது பவளங்களுக்கு நல்லதாயிற்று.

இனி வருபவை வீட்டில் யாரும் செய்யாத, ஆனால் பயனுள்ள முறைகள். பத்து மடங்கு உருப்பெருக்கியில் அசல் பவளத்தின் மேல் மரத்தின் ரேகை போல மெல்லிய இணைகோடுகள் தெரியும். கண்ணாடியில் சிறு காற்றுக் குமிழும் அச்சுவிளிம்பும் தெரியும். நகச்சாயம் நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால், சாயமேற்றிய மூங்கில் பவளம் பஞ்சைச் சிவப்பாக்கும். அதுவும் கடலில் பிறந்த பவளமே. நிறம் மட்டும் கரையேறிய பின் வந்தது. இதை அசல் என்பதா, போலி என்பதா என்பதில் வாங்கியவரும் விற்றவரும் ஒத்துப்போனதில்லை. உப்பு இனிக் கரையாது என்னும் வரை கரைத்த நீரின் அடர்த்தி சுமார் 1.2, அக்ரிலிக் 1.18 என்பதால் அதில் மிதக்கும், பவளம் மூழ்கும். கண்ணாடியும் மூழ்கும் என்பதை மறக்கலாகாது. சூடேற்றிய ஊசி பிளாஸ்டிக்கை நாற்றத்தால் காட்டிக்கொடுக்கும், அசலையும் வடுப்படுத்தும், வேண்டாம்.

இவற்றுள் எந்த முறையும் இது பவளம் என்று சான்று தராது. இன்னது அல்ல என்று மட்டுமே சொல்லும். ஒளிவிலகலும் நுண்ணோக்கியும் கொண்ட ஆய்வகம்தான் முழுப் பதிலைத் தரும். எப்படியானாலும் சோதனையைக் கல் தனியாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஆசாரி தங்கத்தில் பதித்த பிறகு உப்புநீர் முறை செல்லாது, அடர்த்தி பார்க்க முடியாது, விளிம்புக் கோடுகளும் மறைந்துவிடும். அந்நிலையில் மிஞ்சும் ஆவணம் கடை ரசீது ஒன்றே. அதில் பெரும்பாலும் "சிவப்புக் கல் 1" என்றுதான் எழுதியிருக்கும்.